ஸ்டிக்லிட்ஸ் நிறுவியது சந்தையின் குறையையா, ஒரு சாத்தியத்தை மட்டுமா?

வைகைக்கரை எழுதியது:

தேவை கூடினால் விலை ஏறும். தேவையும் வழங்கலும் பொருந்தும் இடத்தில் விலை நிற்கும். பொருளியல் வகுப்பில் முதல் வாரமே இதைச் சொல்லிவிடுகிறோம். கடன் சந்தையில் அப்படி நடப்பதில்லை என்பது கடன் கேட்டு அலைந்த எவருக்கும் தெரியும். "இரண்டு விழுக்காடு கூடுதலாக வட்டி தருகிறேன்" என்று சொன்னால் வங்கி மேலாளர் மனம் இளகுவதில்லை. ஏன் இளகுவதில்லை என்பதற்கு முறையான விடை கொடுத்தவர்கள் பொருளியலாளர்கள் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் ஆண்ட்ரூ வைஸும். ஆண்டு 1981.

ஒரு சிறு கணக்கு. இரண்டு பேர் ஆளுக்கு 100 ரூபாய் கேட்கிறார்கள். முதலாமவர் தொழிலில் 120 ரூபாய் உறுதியாக வரும். இரண்டாமவருக்கு ஐந்தில் நான்கு வாய்ப்பில் 150 வரும், ஐந்தில் ஒரு வாய்ப்பில் ஒன்றும் வராது. சராசரி இருவருக்கும் 120-தான். யார் எவர் என்பது அவரவருக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியாது. வட்டி 19 விழுக்காடு என்றால் இருவரும் வாங்குவார்கள். வங்கிக்கு ஒருவரிடமிருந்து 119, மற்றவரிடமிருந்து சராசரியாக 95.20, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கடன் ஒன்றுக்கு 107.10. பேராசையில் வட்டியை 25 ஆக்கினால் முதலாமவர் எழுந்து போய்விடுவார். மிஞ்சியவரிடமிருந்து வங்கிக்குக் கிடைப்பது சராசரியாக 100. வட்டி ஏறியது, லாபம் காணாமல் போனது.

இது ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு: அதே ஆள், வட்டி ஏறினால், ஏறிய வட்டியைக் கட்டுவதற்காகவே ஆபத்தான தொழிலில் இறங்குவார். வென்றால் மிச்சம் அவருக்கு; தோற்றால் நட்டம் வங்கிக்கு. ஆகவே வங்கி ஓர் அளவுக்கு மேல் வட்டியை ஏற்றாமல், கேட்பவர்களில் சிலரைத் திருப்பி அனுப்புகிறது. வாசலில் வரிசை நிற்கும், விலை நகராது. யாரும் சட்டம் போட்டு விலையைப் பிடித்து வைக்கவில்லை, அதுவே சமநிலை.

1986-இல் புரூஸ் கிரீன்வால்டுடன் எழுதிய கட்டுரை இன்னும் ஆழமானது. தகவல் குறையுள்ள சந்தையில் கிடைக்கும் முடிவு, அந்தக் குறையை அப்படியே ஏற்றுக்கொண்டு பார்த்தாலும், பொதுவாகச் சிறந்ததல்ல என்று அது நிறுவியது. அதாவது அரசுக்குக் கூடுதலாக எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வரியாலும் மானியத்தாலும் எவருக்கும் நட்டமில்லாமல் சிலருக்கு நன்மை செய்ய இடமுண்டு. சந்தையைத் தானே சீராக நடத்துவதாக ஆடம் ஸ்மித் சொன்ன கண்ணுக்குத் தெரியாத கை ஏன் தெரியவில்லை என்றால் அது அங்கே இல்லை என்பதால்தான் என்று ஸ்டிக்லிட்ஸ் பல மேடைகளில் சொன்னது வெறும் குறும்பல்ல. "சந்தையை விட்டுவிடுங்கள்" என்பவர்கள்தான் இனிச் சான்று காட்ட வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.


சில்லறை வணிகன் எழுதியது:

அழைத்ததற்கு நன்றி. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 25 விழுக்காட்டில் ஏன் நின்றுவிட்டீர்கள், ஐயா? 49 வரை போங்கள். இரண்டாமவர் இன்னும் வாங்குவார். 150 வந்தால் 149 கட்டுவார். ஐந்தில் நான்கு வாய்ப்பு என்றால் வங்கிக்கு 119.20. அது உங்கள் 107.10-ஐ விட அதிகம். நீங்கள் காட்டிய இறக்கம் நடுவில் உள்ள ஒரு பள்ளம்; அதைத் தாண்டினால் மேடு, அதுவும் பழைய மேட்டைவிட உயரமானது.

இது என் கண்டுபிடிப்பல்ல. லுட்ஸ் ஆர்னால்டும் ஜான் ரைலியும் 2009-இல், 1981 கட்டுரை வந்த அதே அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் இதைத்தான் காட்டினார்கள். எல்லாத் தொழில்களுக்கும் சராசரி வருமானம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், வங்கியின் வருமானம் ஒரே ஒரு முறை ஏறி, பிறகு இறங்கியே போக முடியாது. கடைசி ஆளிடம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் வட்டியில் அது உச்சத்தைத் தொடும்.

அதைவிடப் பெரிய தொல்லை 1987-இல் வந்தது. டேவிட் டி மெசாவும் டேவிட் வெப்பும் ஒரே ஒரு அனுமானத்தை மாற்றினார்கள். சராசரி ஒன்று, ஆபத்து வேறு என்றார் ஸ்டிக்லிட்ஸ். அவர்கள், வென்றால் வருவது ஒன்று, வெல்லும் வாய்ப்பு வேறு, ஆகவே சராசரியும் வேறு என்றார்கள். முடிவு தலைகீழானது. திறமையுள்ளவர் கட்டும் வட்டியின் நிழலில் உதவாத தொழில்களுக்கும் கடன் போய்ச் சேர்கிறது. நாட்டில் கடன் குறைவாக அல்ல, மிகையாக ஓடுகிறது. அதற்கு மருந்து மானியம் அல்ல, வரி.

ஒரே நோய்க்கு எதிரெதிர் மருந்து. இரண்டு மாதிரியில் எது நம் ஊர் என்று எந்த அதிகாரி சொல்வார்? "செய்ய முடியும்" என்பதை நிறுவிவிட்டு "செய்ய வேண்டும்" என்று எழுதுகிறீர்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை யாரும் கடக்கவில்லை.


கடன்பிரிவு எழுதியது:

நான் வங்கியில் கடன் பிரிவிலேயே தலை நரைத்தவன். கோட்பாடு அதிகம் தெரியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன்: "வட்டி எவ்வளவானாலும் பரவாயில்லை, பணம் இன்றே வேண்டும்" என்று ஒருவர் சொன்னால் அனுபவமுள்ள எந்த மேலாளரும் அந்தக் கோப்பை மூடி ஓரமாக வைத்துவிடுவார். ஸ்டிக்லிட்ஸைப் படித்ததால் அல்ல. இரண்டு மூன்று முறை சுட்டுக்கொண்டதால்.

சில்லறை வணிகன் தம்பி சொல்லும் 49 விழுக்காடு தாளில்தான் நடக்கும். 150 ரூபாய் சம்பாதித்து 149-ஐக் கட்ட வேண்டும் என்றால் அந்த மனிதர் எதற்காகக் காலையில் கடையைத் திறப்பார்? இருக்கிற சரக்கை மைத்துனர் பெயருக்கு மாற்றிவிட்டு ஊரைவிட்டுப் போய்விடுவார். அந்த 119.20 வசூலாகாது. வைகைக்கரை ஐயா இரண்டாவதாகச் சொன்ன வழி இதுதானே? எனக்கு முதல் வழியைவிட இதுவே பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. வங்கி வட்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. நகைக்கடனில் ஆளைப் பார்ப்பதில்லை, நகையை உரசிப் பார்க்கிறோம். அடமானம் கேட்கும் இடத்திலேயே பாதித் தகவல் வெளிவந்துவிடுகிறது. தன் தொழிலில் நம்பிக்கை உள்ளவர் பத்திரத்தைத் தயங்காமல் வைக்கிறார். அடமானம் வைக்க ஒன்றுமில்லாதவர்தான் உங்கள் வரிசையில் கடைசிவரை நிற்பவர்.


வைகைக்கரை எழுதியது:

கடன்பிரிவு ஐயா என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். அடமானத்தை வைத்து ஆளைப் பிரித்தறியலாம் என்பதை 1985-இல் ஹெல்முட் பெஸ்டர் கோட்பாடாகவே எழுதினார். அதனால்தான் கடன் மறுப்பு என்பது சொத்தில்லாதவரின் சிக்கலாகிறது. நல்ல யோசனையுடன் வெறுங்கையாக வருபவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, சுமாரான யோசனையுடன் நிலப்பத்திரத்தோடு வருபவருக்குப் பணம் கொடுப்பதில் எந்தத் திறனும் இல்லை.

ஆர்னால்டு, ரைலி கட்டுரை முதல் வழியை மட்டும் தொடுகிறது. அதிலும் முழு வெற்றி இல்லை. இரண்டு வட்டி வீதங்கள் அருகருகே நிலவும் சமநிலைக்கு அவர்கள் இடம் கொடுக்கிறார்கள். அதில் குறைந்த வட்டியில் கேட்டவர்களில் சிலருக்குக் கிடைக்காது, அவர்கள் உயர்ந்த வட்டிக்குத் தள்ளப்படுவார்கள். வங்கியில் இடம் கிடைக்காமல் கந்துவட்டிக்காரரிடம் போகிறவரை இதைவிடத் தெளிவாக யார் வரைய முடியும்?


தரவுப்பிரியை எழுதியது:

எல்லோரும் மாதிரியை வைத்தே மல்லுக்கட்டுகிறீர்கள். அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் ஒரு கடன் நிறுவனத்தின் பழைய வாடிக்கையாளர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, குலுக்கல் முறையில் வெவ்வேறு வட்டி வீதம் குறித்துக் கடிதம் அனுப்பினார்கள். உயர்ந்த வட்டிக்கும் சம்மதித்து வந்தவர்களில் சிலருக்கு, வந்த பிறகு, "உங்களுக்குக் குறைந்த வட்டியே" என்று மாற்றிக் கொடுத்தார்கள். இதில்தான் சூட்சுமம். உயர்ந்த வட்டியைப் பார்த்தும் வந்தவர் எப்படிப்பட்டவர் என்பதைத் தனியாகவும், உயர்ந்த வட்டியைக் கட்டும் சுமை ஒருவரை எப்படி மாற்றுகிறது என்பதைத் தனியாகவும் பிரித்துவிடலாம். டீன் கார்லனும் ஜொனாதன் ஜின்மனும் 2009-இல் வெளியிட்ட முடிவு: சுமை ஆளை மாற்றுவதற்குச் சான்று இருந்தது, மோசமான ஆட்களே வந்து சேர்வதற்குச் சான்று பலவீனம். கடன்பிரிவு ஐயாவின் அனுபவம் பெரும்பாலும் சரி, கோப்பை மூடும் கதையைத் தவிர.

காப்பீட்டிலும் இதே குழப்பம். மைக்கேல் ராத்ஸ்சைல்டும் ஸ்டிக்லிட்ஸும் 1976-இல் எழுதியது என்ன? ஆபத்து அதிகமுள்ளவர் முழுக் காப்பீடு வாங்குவார். ஆபத்து குறைந்தவர், தான் அப்படிப்பட்டவர் என்று காட்டுவதற்காகவே அரைகுறைக் காப்பீட்டோடு நின்றுகொள்வார். சில நிலைகளில் சமநிலையே இருக்காது. அப்படியானால் அதிகக் காப்பீடு எடுத்தவருக்கு விபத்தும் அதிகமாக இருக்க வேண்டும். பிரான்சில் புதிதாக வண்டி ஓட்டுபவர்களின் காப்பீட்டு விவரங்களை ஷியப்போரியும் சலானியேயும் 2000-இல் அலசினார்கள். அப்படி ஒரு தொடர்பே தென்படவில்லை. அமெரிக்காவில் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டில் ஃபிங்கெல்ஸ்டீனும் மெக்கேரியும் 2006-இல் பார்த்தது இன்னும் சுவையானது: நோய் வரும் என்று அஞ்சுபவரும் வாங்குகிறார், எதிலும் முன்னெச்சரிக்கையாக இருப்பவரும் வாங்குகிறார். முன்னவர் செலவு வைக்கிறார், பின்னவர் வைப்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.


சில்லறை வணிகன் எழுதியது:

நான் சொன்னதையே தரவுப்பிரியை எண்ணிக்கையோடு சொல்லிவிட்டார். பாடநூலில் சந்தை சரிகிறது. வெளியே போய்ப் பார்த்தால் சந்தை நின்றுகொண்டிருக்கிறது.


தரவுப்பிரியை எழுதியது:

என் வாயில் உங்கள் சொல்லைத் திணிக்க வேண்டாம். தொடர்பு தென்படாததால் சந்தை திறமையாக இருக்கிறது என்று பொருளல்ல என்று ஃபிங்கெல்ஸ்டீனும் மெக்கேரியும் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தரவில் இருப்பவர்கள் காப்பீடு கிடைத்தவர்கள். விண்ணப்பத்திலேயே நிராகரிக்கப்பட்டவர்கள் அதில் இல்லை. 2013-இல் நேதன் ஹென்ட்ரன் அந்த நிராகரிக்கப்பட்டவர்களைத் தேடிப் போனார். ஆயுள், ஊனம், முதுமைப் பராமரிப்பு ஆகிய மூன்று வகைக் காப்பீட்டிலும், ஏற்கெனவே நோயுள்ளவர்கள் என்று நிறுவனங்கள் ஒதுக்கும் கூட்டத்தில், தங்கள் உடல்நிலை பற்றி அவர்களுக்கு மட்டும் தெரிந்த தகவல் மிக அதிகமாக இருந்தது. எங்கே சந்தை நடக்கிறதோ அங்கே தகவல் சிக்கல் சிறிது. எங்கே பெரிதோ அங்கே சந்தையே இல்லை. நின்றுகொண்டிருக்கும் சந்தையை மட்டும் எண்ணினால் எல்லாம் நின்றுகொண்டுதான் இருக்கும்.


காவிரிப்படுகை எழுதியது:

கடனும் காப்பீடும் போதும், கொஞ்சம் வயலுக்கு வாருங்கள். ஸ்டிக்லிட்ஸ் 1960-களின் கடைசியில் கென்யாவின் நைரோபியில் தங்கியிருந்தபோது கண்டவையே தன் சிந்தனைக்கு வித்து என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1974-இல், விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரச் சாகுபடி பற்றி எழுதினார். விளைச்சலில் பாதியை நிலக்காரர் எடுத்துக்கொண்டால் உழுபவருக்கு உழைக்க மனம் வராது என்பது ஆல்பிரட் மார்ஷல் காலத்து வாதம். அப்படியானால் உலகெங்கும் அந்த முறை ஏன் நூற்றாண்டுக் கணக்காக நிலைத்தது? நிலக்காரர் நாள் முழுவதும் வரப்பில் நின்று கண்காணிக்க முடியாது. கூலி கொடுத்தால் உழைப்பு குறையும். நிலையான குத்தகை என்றால் மழை பொய்த்த ஆண்டின் முழுச் சுமையும் உழுபவர் தலையில் விழும். வாரம் என்பது இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம் என்றார் ஸ்டிக்லிட்ஸ். தஞ்சை மண்ணில் வாரமும் குத்தகையும் கண்ட எங்களுக்கு இது உடனே பிடிபடும். நல்ல கட்டுரை.


சில்லறை வணிகன் எழுதியது:

காவிரிப்படுகை அவர்களே, உங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அங்கே எந்த அரசு வந்தது? தகவல் இல்லை, கண்காணிக்க முடியவில்லை. மக்களே ஓர் ஒப்பந்தத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அடமானம், உத்தரவாதம், கடையின் நற்பெயர், வாரம் எல்லாமே அப்படித்தான் வந்தன. பழைய கார்களின் தரம் வாங்குபவருக்குத் தெரியாத சிக்கலை எழுதிய பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப்கூட அந்த 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையின் கடைசிப் பகுதியில் உத்தரவாதத்தையும் வணிகப் பெயரையும் மருந்தாகக் குறிப்பிடுகிறார்.


காவிரிப்படுகை எழுதியது:

அவசரப்படாதீர்கள். ஒப்பந்தம் தானாக வந்தது உண்மை. அது சிறந்த ஒப்பந்தம் என்பது உங்கள் சேர்க்கை. மேற்கு வங்கத்தில் 1978-இல் பர்கா நடவடிக்கை தொடங்கி, வாரதாரர்களைப் பதிவு செய்து, அவர்களை வெளியேற்ற முடியாதபடி செய்தார்கள். இடுபொருளை உழுபவரே போட்டால் விளைச்சலில் 75 விழுக்காடு அவருக்கு என்பது சட்டம். அதன் விளைவாக விளைச்சல் கூடியது என்று அபிஜித் பானர்ஜி, பால் கெர்ட்லர், மைத்ரீஷ் கட்டக் மூவரும் 2002-இல் எழுதினார்கள். அதே நிலம், அதே மழை, கண்காணிப்புச் சிக்கலும் அதே. பேரம் பேசும் வலு மட்டும் மாறியது.

அதே ஆண்டுகளில் ஆழ்குழாய்க் கிணறும் புதிய நெல் வகைகளும் வங்கத்தில் பரவின, எதற்கு எவ்வளவு பங்கு என்ற சண்டை இன்னும் நடக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். அதை நானே சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தட்டச்சு மிச்சம்.


சில்லறை வணிகன் எழுதியது:

சரி, ஒப்பந்தங்களை விடுங்கள். இந்தக் கோட்பாட்டைக் கையில் வைத்திருந்தவர் ஆலோசகராக என்ன செய்தார் என்று பார்ப்போம். 2002-இல் ஃபேனி மே என்ற அமெரிக்க வீட்டுக்கடன் நிறுவனம் தானே வெளியிட்ட தொடரில் ஸ்டிக்லிட்ஸ், ஜொனாதன் ஆர்சாக், பீட்டர் ஆர்சாக் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த நிறுவனங்களுக்கு விதிக்கப்பட்ட மூலதன அளவைத் தின்னக்கூடிய அதிர்ச்சி வருவதற்கான வாய்ப்பு 5 லட்சத்தில் 1-க்கும் குறைவு என்றார்கள். 2008 செப்டம்பரில் அரசு அந்த நிறுவனத்தையும் அதன் இணையான ஃப்ரெடி மேக்கையும் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. இரண்டுக்கும் சேர்த்து அரசுக் கருவூலம் போட்ட பணம் 18,000 கோடி டாலருக்கு மேல். தகவல் குறையின் பெரும் புலவருக்கே எதிரில் இருந்தது தெரியவில்லை. அரசு அதிகாரிக்குத் தெரியும் என்கிறீர்கள்.


மட்டுறுத்துநர்:

"பெரும் புலவர்" போன்ற ஏளனத்தைத் தவிர்க்கவும். கட்டுரையைத் தாக்கலாம், ஆளை வேண்டாம்.


வைகைக்கரை எழுதியது:

கட்டுரையைத் தாக்கட்டும், அது தாக்கப்பட வேண்டியதுதான். கடந்த கால வீட்டு விலைகளையும் வட்டிகளையும் வைத்துப் போட்ட புள்ளிவிவரக் கணக்கு அது. 1981-ஆம் ஆண்டுக் கட்டுரையின் கேள்வியை அங்கே கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடன் வாங்குபவரின் வருமானத்தைச் சரிபார்த்தவர் யார்? கடனைக் கொடுத்தவர் அதை அடுத்த நாளே விற்றுவிட முடியும் என்றால் அவர் ஏன் சரிபார்க்க வேண்டும்? தரம் தெரிந்தவர் கையைக் கழுவிவிட்டுப் போக, தெரியாதவர் வாங்கிக் குவித்தார். 2008 சரிவைப் புரிந்துகொள்ள இன்று எல்லோரும் எடுக்கும் கருவி இந்தத் தகவல் குறைக் கோட்பாடுதான். அதை அதன் தச்சரே ஒரு முறை பெட்டியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார் என்பதால் உளி மழுங்கிவிடுமா?


கிள்ளான் வாசி எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். ஆலோசனை பற்றிப் பேசுவதென்றால் 1997, 1998-ஐ விட்டுவிட்டுப் பேச முடியாது. அப்போது ஸ்டிக்லிட்ஸ் உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளர். தாய்லாந்து, இந்தோனேசியா, தென்கொரியா மூன்றும் பன்னாட்டு நாணய நிதியத்திடம் போயின. நாணயத்தைக் காப்பாற்ற வட்டியை ஏற்று என்றது நிதியம். அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். அந்த எதிர்ப்பு 1981-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து நேராக வருகிறது: ஓர் அளவுக்கு மேல் வட்டியை ஏற்றினால் கடன்பட்ட நிறுவனங்கள் திவாலாகும், திவாலாகும் என்று தெரிந்தால் அதிக வட்டிக்காகப் பணம் உள்ளே வராது, இருப்பதும் ஓடும். இந்தோனேசியாவில் 1997 நவம்பரில் 16 வங்கிகளை ஒரே நாளில் மூடினார்கள். எந்த வங்கி நல்லது, எது கெட்டது என்று தெரியாத மக்கள் மற்ற வங்கிகளிலிருந்தும் பணத்தை எடுத்தார்கள்.

நாங்கள் நிதியத்திடம் போகவில்லை. 1998 செப்டம்பர் 1 அன்று மூலதனக் கட்டுப்பாடு வந்தது. மறுநாள் ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டினார்கள். வட்டி இறங்கியது. ஈதன் கப்லானும் டானி ரோட்ரிக்கும் பிற்பாடு ஆராய்ந்து, நிதியத்தின் வழியில் போனவர்களைவிட மலேசியா விரைவாக மீண்டது என்றார்கள்.


சில்லறை வணிகன் எழுதியது:

செப்டம்பர் 1998-இல் வட்டாரத்தில் புயலே ஓய்ந்துகொண்டிருந்தது. கட்டுப்பாடு போடாத தென்கொரியாவும் 1999-இல் எழுந்து நின்றது. கப்லானும் ரோட்ரிக்கும் எந்த நாளை எந்த நாளோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் அந்த முடிவு முழுவதும் தொங்குகிறது. 2002-இல் நிதியத்தின் கென்னத் ரோகோஃப் ஸ்டிக்லிட்ஸுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் கடுமையானது. மொழியை நான் ஏற்கவில்லை, கேள்வியை ஏற்கிறேன். நம்பிக்கை கரைந்துகொண்டிருக்கும் நாணயத்தில் வட்டியைக் குறைத்தால் பணம் உள்ளே தங்கும் என்பதற்கு என்ன சான்று?

என் அடிப்படை மறுப்புக்கு வருகிறேன். 1945-இலேயே பொருளியலாளர் ஃபிரெட்ரிக் ஹாயெக் சொன்னார்: தகவல் ஊரெங்கும் சிதறிக் கிடக்கிறது, ஒவ்வொருவருக்கும் ஒரு துளி தெரியும், அந்தத் துளிகளைத் திரட்டுவது விலை. எந்த அமைச்சகமும் அதைத் திரட்ட முடியாது. ஸ்டிக்லிட்ஸ் தகவல் குறை என்ற சிக்கலைச் சந்தைக்கு மட்டும் கணக்கு வைக்கிறார்.


வைகைக்கரை எழுதியது:

இல்லை. நீங்கள் இப்போது சொன்ன குற்றச்சாட்டு அவர் மேல் ஒட்டாது.

முதலில் ஹாயெக். 1980-இல் சான்ஃபோர்ட் கிராஸ்மனும் ஸ்டிக்லிட்ஸும் கேட்டார்கள்: விலையே எல்லாத் தகவலையும் சொல்லிவிடும் என்றால், காசு செலவழித்துத் தகவல் தேடுபவர் யார்? தேடியவருக்கும் தேடாதவருக்கும் ஒரே விலைதானே. யாரும் தேடாவிட்டால் விலையில் தகவல் எங்கிருந்து வரும்? ஆகவே விலை எப்போதும் கொஞ்சம் மழுங்கலாகவே இருந்தாக வேண்டும். அந்த மழுங்கலில் கிடைக்கும் லாபமே தேடியவரின் கூலி. இன்று, பங்குகளை ஆராயாமல் சந்தைக் குறியீட்டை அப்படியே வாங்கும் குறியீட்டு நிதிகளில் எல்லோரும் பணத்தைப் போட்டுவிட்டு உறங்கினால் பங்கின் விலையை யார் நிர்ணயிப்பார் என்ற கேள்வி இதே கட்டுரையின் பேரன்.

அடுத்து, சந்தைக்கு மட்டும் கணக்கு வைக்கிறார் என்றீர்கள். 1994-இல் சோசலிசம் எங்கே போகிறது என்று கேட்டு ஒரு நூல் எழுதினார். தொழிற்சாலைகள் அரசிடம் இருந்தாலும் விலையைக் கொண்டே நடத்தலாம் என்ற சந்தைச் சோசலிசம் ஏன் தோற்றது என்று அதில் விளக்குகிறார். விலையை மட்டும் சரியாக அறிவித்தால் போதும், தொழிற்சாலை மேலாளர் மற்றதைப் பார்த்துக்கொள்வார் என்று அதை முன்வைத்த பொருளியலாளர் ஆஸ்கார் லாங்கேயின் கூட்டம் நம்பியது. சுதந்திரச் சந்தைப் பாடநூலும் அதையேதான் நம்புகிறது. பாடநூல் சரியாக இருந்திருந்தால் சந்தைச் சோசலிசமும் ஓடியிருக்கும் என்பது அவர் வாதம். மேலாளரின் ஊக்கம், தரம், கண்காணிப்பு எதையும் விலை ஒன்றாலேயே கட்டி இழுக்க முடியாது. திட்டக் குழுவுக்கும் அந்த அடி விழுகிறது.


சில்லறை வணிகன் எழுதியது:

அந்த அடி அரசுக் கடன் வாரியத்துக்கும் விழ வேண்டும் அல்லவா? அங்கே மட்டும் கையை ஏன் இழுத்துக்கொள்கிறார்? கிரீன்வால்டு கட்டுரையில் வரும் அரசுக்குத் தேர்தல் இல்லை, கட்சிக்காரர் இல்லை, கடன் தள்ளுபடி இல்லை. நம் நாட்டில் வங்கிக் கடனில் 40 விழுக்காடு முன்னுரிமைத் துறைகளுக்கு, அதில் 18 வேளாண்மைக்கு என்று விதி இருக்கிறது. எந்தச் சமன்பாட்டிலிருந்து அந்த 40 வந்தது?


கடன்பிரிவு எழுதியது:

தம்பி, 40 எந்தச் சமன்பாட்டிலிருந்தும் வரவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் சமன்பாட்டுக்கு நெருக்கமான ஒன்று நம் கண்ணெதிரே நடந்தது, அதைப் பேசலாம்.

குழுக்கடன். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கட்ட வேண்டும் என்பதால் குழுவினரே ஆளைப் பொறுக்கிச் சேர்ப்பார்கள், கண்காணிப்பார்கள். வங்கிக்குத் தெரியாதது பக்கத்து வீட்டுக்குத் தெரியும். 1990-இல் ஸ்டிக்லிட்ஸ் இதையே எழுதினார், வங்கதேசத்துக் கிராமீன் வங்கியை வைத்து. இதில் அரசுக்கு வேலையே இல்லை, உங்களுக்குப் பிடித்த மாதிரி. பிறகு என்ன ஆனது? ஒரே தெருவில் நான்கு நிறுவனங்கள் வந்தன. முதல் நிறுவனத்தின் தவணையை இரண்டாவது நிறுவனத்தின் கடனில் கட்டினார்கள். இரண்டாவது கொடுத்த கடன் முதலாவதின் கடனை ஆபத்தாக்கியது. அந்தச் செலவு இரண்டாவதின் கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை. ஒவ்வொருவரும் தன் கணக்கில் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். 2010 அக்டோபரில் ஆந்திர அரசு இந்த நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் போட்டது, வசூல் படுத்துவிட்டது. கிரீன்வால்டோடு எழுதிய கட்டுரையில் வருவதாக வைகைக்கரை ஐயா சொன்ன குறை இதுவென்றுதான் எனக்குப் படுகிறது.


வைகைக்கரை எழுதியது:

அதுவே, ஐயா. ஒருவர் செயலால் இன்னொருவரின் கடன் தரம் மாறுகிறது. அந்த மாற்றத்துக்கு விலை இல்லை.


தரவுப்பிரியை எழுதியது:

குழுப் பொறுப்பைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும். பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி தன் குழுக்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தனிநபர் பொறுப்புக்கு மாற்றியது. திருப்பிக் கட்டுவதில் வேறுபாடு தென்படவில்லை என்று ஷாவியர் ஜினேயும் கார்லனும் கண்டார்கள். கிராமீன் வங்கியே பின்னாளில் கூட்டுப் பொறுப்பைக் கைவிட்டது. 1990-ஆம் ஆண்டுக் கட்டுரையில் சொன்ன பொறிமுறைதான் வேலை செய்தது என்று உறுதியாகச் சொல்ல இடமில்லை.


சில்லறை வணிகன் எழுதியது:

கடன்பிரிவு ஐயாவின் உதாரணத்தை மதிக்கிறேன். இதுவரை வந்ததில் இதுதான் வலுவானது. ஆனால் அரசு போட்ட மருந்தையும் வரிசையாகச் சொல்லுங்கள். 2011-இல் ரிசர்வ் வங்கி நுண்கடன் நிறுவனங்களின் வட்டிக்கு 26 விழுக்காடு உச்சவரம்பு வைத்தது. அடுத்த ஆண்டே அதை எடுத்துவிட்டு லாப விளிம்புக்கு மட்டும் வரம்பு என்றது. 2022-இல் அதையும் எடுத்தது. உச்சவரம்பு வைத்தால் திருப்பி அனுப்பப்படுபவர் கூட்டம் பெருகும் என்று சொல்ல ஸ்டிக்லிட்ஸ் தேவையில்லை.


கடன்பிரிவு எழுதியது:

2022 விதியை முழுவதும் படியுங்கள், தம்பி. வட்டி வரம்பை எடுத்த அதே ஆணையில், ஒரு குடும்பம் எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று வைத்தார்கள். விலையை விட்டுவிட்டு, ஒருவர் மற்றவர் மேல் ஏற்றும் ஆபத்துக்கு மட்டும் வேலி போட்டார்கள். கடன் தகவல் நிறுவனங்களுக்கு எல்லோரும் கணக்குக் கொடுப்பதால் அடுத்தவர் கொடுத்தது தெரிகிறது.


சில்லறை வணிகன் எழுதியது:

கொடுத்த கடன் தெரிகிறது, சரி. குடும்பத்தின் மாத வருமானம்? பூக்கட்டுபவருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் வருமானச் சான்று ஏது? களப்பணியாளர் கேட்கிறார், அந்த அம்மா ஒரு தொகை சொல்கிறார், படிவத்தில் ஏறுகிறது. இலக்கை எட்ட வேண்டிய களப்பணியாளருக்கு எந்தத் தொகை வசதியோ அந்தத் தொகை. இதுவும் தகவல் குறைதான், இந்த முறை விதிக்குள்ளேயே.


தரவுப்பிரியை எழுதியது:

அப்படியானால் அதைச் சோதிக்கலாம். படிவத்தில் சொன்ன வருமானம், தவணை பாதியைத் தாண்டும் எல்லைக்குச் சற்று மேலே மட்டும் கும்பலாகக் குவிந்திருந்தால் நீங்கள் சொல்வது உண்மை. சீராகப் பரவியிருந்தால் இல்லை. கடன் தகவல் நிறுவனங்களிடம் அந்தத் தரவு இருக்கிறது. அதை யாராவது வெளியிட்டால் நாம் இருவரும் சண்டையை அங்கிருந்து தொடரலாம்.